கோவன் பேசிய பாஷை

பீளமேட்டிலிருந்து ஓர் அன்பர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முழுசாக நாலு பக்கம். முதல் இரண்டு பக்கங்கள் பாராட்டு. பின் இரண்டு பக்கங்கள் வசவு. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இரண்டும் பழகிப்போன சமாசாரம்தான். ஆனால் இரண்டும் ஒரே கையெழுத்தில், ஒரே உறைக்குள் வந்து சேர்ந்ததுதான் விசேஷம். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு முரண்பாடு இருக்கிறதென்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு மட்டுமல்ல, நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தோன்றாது. அதனால்தான் இந்தப் பதிலைத் தபாலில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

பாராட்டு எதற்கு? இரண்டு மாதங்களுக்கு முன் இதே பகுதியில் செச்சென் மக்களைப் பற்றி நான் எழுதியிருந்தேன். காக்கசஸ் மலைச்சாரலில் வாழும் ஒரு சின்னஞ்சிறு ஜனசமூகம். அவர்கள் தங்களை 'நோக்சி' என்று சொல்லிக்கொள்வார்கள். 'செச்சென்' என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர். அவர்கள் பாஷைக்கு ரஷ்ய மொழியோடு உறவு கிடையாது. பக்கத்து இங்குஷியரின் பாஷைதான் அதற்கு நெருங்கிய சொந்தம். 1944 பிப்ரவரி 23-ஆம் தேதி ஸ்டாலினின் படை அந்த மலைக் கிராமங்களைச் சுற்றி வளைத்தது. ஜெர்மானியருக்கு உளவு பார்த்தார்கள் என்று ஒரு ஜாதி முழுவதன்மேலும் குற்றம். கைக்குழந்தையும் உளவாளி, கண் தெரியாத கிழவியும் உளவாளி! செச்சென்யரும் இங்குஷியருமாக ஏறத்தாழ 5 லட்சம் பேரைச் சரக்கு ரயில் வண்டிகளில் அடைத்துக் கஜகஸ்தானத்துக்கும் கிர்கிசியாவுக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வழியில் குளிரிலும், போய்ச் சேர்ந்த இடத்தில் பசியிலும் நோயிலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். இங்கே அவர்களுடைய நாட்டின் பெயரையே பூகோளப் படத்திலிருந்து அழித்தார்கள். கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கட்டட வேலைக்குப் போட்டார்கள். 1957-ல்தான் திரும்ப அனுமதி கிடைத்தது. திரும்பியவர்களில் பலர், அங்கே செத்துப்போன தாய் தகப்பனுடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பீளமேட்டு அன்பர் எழுதுகிறார்: "ஐயா, அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் இனத்தின் மொழியையும் மண்ணையும் பறிப்பதைவிடப் பெரிய பாவம் உண்டா?"

சரியான வார்த்தை. நானும் ஒப்புகிறேன்.

இனி வசவு. போன மாதம் வெளிவந்த என் சிறுகதையில் ஆனைகட்டி மலையடிவாரத்துக் கிழவர் ஒருவர் வருகிறார், இருளர். தம் பேத்தியிடம் அவர் தம்முடைய பாஷையில் மூன்று வாக்கியங்கள் பேசுகிறார். மூன்றே மூன்று. அதற்குத்தான் இரண்டு பக்கம். "மலைவாசிகள் நாக்குத் திருந்தாமல் பேசுகிற கொச்சைத் தமிழையெல்லாம் அச்சில் ஏற்றித் தமிழன்னையை ஏன் அவமானப்படுத்துகிறீர்கள்? படித்தால் ஒன்றும் புரியவில்லை. அதை ஒரு மொழி என்று வேறு கதையில் சொல்கிறீர்கள். நாளைக்கு ஆளுக்கொரு மொழி என்று கிளம்பினால் தமிழ் என்ன ஆவது?"

அன்பரே, உம்மைக் கேட்கிறேன். செச்சென் கிழவியின் பாஷை உமக்குப் புரியுமா? புரியாது. ஆனாலும் அது போய்விட்டதே என்று சோறு இறங்காமல் தவித்தீர். உம் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில், டவுன் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மலையில் ஒரு கிழவர் பேசும் பாஷை உமக்குப் புரியவில்லை, அது கொச்சை. கண்ணீர் விடுவதற்கு ஆயிரக்கணக்கான மைல் வேண்டியிருக்கிறதா? தூரத்து மனிதனுக்காக அழுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவன் நம்மிடம் எதையும் திருப்பிக் கேட்க வரமாட்டான்.

நீர் கோயம்புத்தூர்க்காரர். உம் ஊரின் பெயர் எங்கிருந்து வந்தது? கோவன் என்று ஓர் இருளர் தலைவன் இருந்தான், அவன் காட்டைத் திருத்தி ஊரமைத்தான், கோவன்புத்தூர்தான் கோயம்புத்தூர் ஆயிற்று, அவன் கும்பிட்ட தெய்வம்தான் கோனியம்மன் என்பது ஊர் வழக்கு. பெயருக்கு வேறு காரணம் சொல்லும் ஆராய்ச்சிக்காரர்களும் உண்டு. அது கிடக்கட்டும். ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது கோவன் கதையைத்தான். மாசி மாதத் தேரோட்டத்தின்போது வடம் பிடிக்கிற கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோவன் எந்தப் பாஷையில் ஐயா அம்மனைக் கும்பிட்டிருப்பான்? உம்முடைய இலக்கணப்படி, ஊருக்குப் பெயர் கொடுத்தவனே நாக்குத் திருந்தாதவன். பெயர் மட்டும் நமக்கு வேண்டும்; பேச்சு வேண்டாம்!

'கொச்சை' என்ற குற்றச்சாட்டை நிதானமாகப் பார்ப்போம். ஒரு பாஷை இன்னொரு பாஷையின் சிதைவு என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். அதைத் தேடிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கமில் சுவலபில் என்ற செக் நாட்டு அறிஞர். தமிழ்நாட்டு மேடைகளில் இந்தப் பெயர் அடிக்கடி அடிபடும். முருகனின் புன்னகையைத் தலைப்பாக வைத்து, தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973-ல் வெளிவந்தது. 'வெள்ளைக்காரனே மெச்சிவிட்டான்' என்று நாம் பூரித்துப் போனோம். அதே 1973-ல் அதே மனிதர் இன்னொரு நூலும் வெளியிட்டார். இருளமொழியைப் பற்றியது. 1979-லும் 1982-லும் அதன் அடுத்த பாகங்கள் வந்தன. அவருக்கு முன்பே 1968-ல் டிஃப்லாத் என்பவர் அமெரிக்காவில் இதே மொழியை ஆராய்ந்து பட்டத்துக்குரிய ஆய்வு எழுதியிருக்கிறார். இவர்கள் கண்டது என்ன? இருளமொழி தமிழுக்கு மிகவும் நெருங்கிய சொந்தம். ஆனால் தனி மொழி. தமிழின் பன்னிரண்டு உயிரெழுத்துக்களுக்குள் அடங்காத உயிரொலிகள், நாக்கை வாயின் நடுவில் நிறுத்தி ஒலிக்கிற ஒலிகள், அதில் இருக்கின்றன. நம் எழுத்தில் அவற்றை எழுதவே முடியாது. நாக்குத் திருந்தவில்லை என்கிறீரே, அந்த நாக்குக்கு உம் நாக்கை விடக் கூடுதலாகத்தான் ஐயா தெரிந்திருக்கிறது.

ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகங்கள். ஒன்றைப் பிரித்து வைத்துக் கொண்டாடுகிறோம். மற்றொன்றைப் பிரிக்கவே இல்லை.

கால்டுவெல் விஷயத்தில் நாம் நடந்துகொண்டதை நினைத்துப் பாருங்கள். தமிழ், சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தது, சிதைந்த சம்ஸ்கிருதமே தமிழ் என்று பண்டிதர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்த காலம். 1856-ல் கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் எந்த மொழியின் சிதைவும் அல்ல, அதற்குத் தனிக் குடும்பம் உண்டு என்று நிலைநாட்டினார். நன்றி மறவாத ஜனங்கள் நாம். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். நம் பாஷையை இன்னொன்றின் சிதைவு என்று சொன்னபோது நமக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது நியாயமான கோபம். அதே வார்த்தையை நாம் இருளரைப் பார்த்துச் சொல்கிறபோது அவருக்கு ஏன் கோபம் வரக்கூடாது? அன்று பண்டிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று நாம் உட்கார்ந்துகொண்டிருக்கிறோம். நாற்காலி சுகமாகத்தான் இருக்கிறது.

சர்க்கார் கணக்கும் இதே லட்சணம்தான். குடிமதிப்புக் கணக்கில் இருளமொழி தமிழுக்குள் அடங்கிய ஓர் உட்பிரிவு. படகமொழி கன்னடத்துக்குள் அடக்கம். இருளர் ஜாதியை மட்டும் தனியாக எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டின் ஆறு நலிந்த பழங்குடிகளில் ஒன்று என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆள் தனி, அவன் பேச்சு மட்டும் தனியல்ல!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்பு பிடிப்பவர்கள்; 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சமவெளியில் இருக்கும் அவர்கள் பேசுவது தமிழ். நான் சொல்கிற மொழி கோவை, நீலகிரி, அட்டப்பாடி மலைகளின் இருளர் பேசுவது. மலையில் இருந்தவரை மொழி இருந்தது. மண்ணுக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

அந்த மண்ணின் கதையையும் கேளுங்கள். இங்கே யாரும் ரயிலில் ஏற்றவில்லை. ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, அவன் காலடியிலிருந்து பூமியை உருவிக்கொண்டோம். 1882-ல் சென்னை ராஜதானியின் வனச் சட்டம் வந்தது. அதுவரை காடு வெட்டி, எரித்து, ராகியும் சாமையும் விதைத்துப் பிழைத்தவன் அன்றிலிருந்து சர்க்கார் காட்டில் அத்துமீறிப் பிரவேசித்தவனானான். தேனெடுக்கவும், நெல்லிக்காய் பொறுக்கவும், சீமாறுப் புல் அறுக்கவும் பிறத்தியார் அனுமதி வேண்டியதாயிற்று. 2006-ல் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டம் செய்து, நடந்தது சரித்திர அநீதி என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டில் வழக்கிலே சிக்கிப் பட்டா வழங்குவது நின்றுபோய், 2016-க்குப் பிறகுதான் காரியம் நகர ஆரம்பித்தது. அதுவரை கிழவர்கள் காத்திருந்தார்கள். எத்தனை பேருக்கு ஆயுசு இருந்ததோ!

நடுவில் 1956 வந்தது. மொழிவாரி மாகாணம் கேட்டுத் தென்னாடு முழுதும் போராடிற்று. தவறென்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி, மலபார் ஜில்லாவோடு அட்டப்பாடியும் கேரளத்துக்குப் போயிற்று. ஆனைகட்டி நம்மோடு நின்றது. நடுவே ஓடுகிறது கொடுங்கரைப் பள்ளம். கோடையில் பிள்ளைகள் முழங்கால் நனையத் தாண்டுகிற தண்ணீர். அதற்கு அந்தக் கரையில் அத்தை வீடு, இந்தக் கரையில் மாமன் வீடு. அத்தை மகன் மலையாளம் படித்தான்; மாமன் மகள் தமிழ் படித்தாள். மொழிக்கு ஒரு மாகாணம் என்று கோடு கிழித்தவர்கள், அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் மூன்றாவது ஒரு மொழி பேசுகிற ஜனங்கள் இருக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் பென்சிலை நிறுத்தியதாகத் தெரியவில்லை. 1951-ல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். ஐம்பது ஆண்டுகள் கழித்து எண்ணியபோது பாதிக்கும் குறைவு. வெளியிலிருந்து வந்து நிலம் பிடித்தவர்களில் நம் பக்கத்துக்காரர்களும் உண்டு, கேரளத்துக்காரர்களும் உண்டு. நிலம் பிடிப்பதில் மட்டும் இரண்டு மாகாணத்துக்கும் மொழிச் சண்டை வரவில்லை.

ஆனைகட்டி போகிற வழியில் தடாகம் பள்ளத்தாக்கு. அங்கே செம்மண்ணை வெட்டி வெட்டி, பூமியில் பனைமரம் முழுகும் பள்ளங்கள். செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன, பள்ளங்கள் மூடப்படவில்லை. அன்பரே, பீளமேட்டில் உம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாரும். அந்த மலையடிவாரம் அங்கேயும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

"மொழி சோறு போடுமா? இருளர் பிள்ளை தமிழும் இங்கிலீஷும் படித்தால்தானே முன்னுக்கு வரும்?" என்று ஒரு கட்சி உண்டு. கெட்ட எண்ணத்தோடு கேட்கிறவர்கள் அல்ல. ஆகவே மரியாதையாகப் பதில் சொல்லுகிறேன். இருளர் பிள்ளை தமிழ் படிக்கக் கூடாதென்று யார் சொன்னார்கள்? படிக்கட்டும், ஐந்து பாஷை படிக்கட்டும். செச்சென் பிள்ளைகளும் ரஷ்யமொழி படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் தங்கள் பேச்சை விடவில்லை. பாலைவனத்தில் கொட்டியபோதுகூட விடவில்லை. நான் சொல்வது பள்ளிக்கூடத்து முதல் நாளைப் பற்றி. ஐந்து வயசுக் குழந்தை வாத்தியாரிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறது. தனக்குத் தெரிந்த சொல்லால் கேட்கிறது. வகுப்பு சிரிக்கிறது, வாத்தியாரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தக் குழந்தைக்குத் தமிழும் வராது, கணக்கும் வராது. இரண்டாம் வாரம் அது ஆட்டோடு மலையேறிவிடும். 'இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று நாம் எழுதி வைப்போம்.

சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று நம் அரசியல் சட்டமே சொல்கிறது. 350-ஏ பிரிவு. அது எப்போது சேர்க்கப்பட்டது தெரியுமா? அதே 1956-ல், மாகாணங்களைப் பிரித்த அந்தத் திருத்தத்தோடு. கோடு அன்றே அமுலுக்கு வந்தது. பிரிவு காகிதத்தில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்பரை மட்டும் கூண்டில் நிறுத்தினால் நியாயமாகாது.

என் முதல் நாவலில் ஓர் இருளர் வருவார். தேன் விற்கிறவர். அவரை நான் படைத்தது வாசகர்களைச் சிரிக்கவைக்க. 'ர'வை விழுங்கி, விகுதியைத் திருப்பிப் போட்டு, குழந்தைமாதிரி ஒரு தமிழை நானாகக் கற்பித்து அவர் வாயில் போட்டேன். நன்றாகச் சிரித்தார்கள். விமரிசகர் ஒருவர் 'மண் வாசனை' என்றுகூட எழுதினார். நானும் நம்பிவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் கோவையில் ஒரு கல்லூரிக் கூட்டம் முடிந்து இறங்கும்போது ஒரு பெண் வந்து நின்றாள். ஆனைகட்டிப் பக்கத்துக்காரி, அங்கே முதுகலை படிக்கிறவள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளம்மா."

"உங்க புஸ்தகத்துல தேன் விக்கற தாத்தா பேசறாருங்களே, அப்படி எங்கூர்ல யாருங்க பேசறாங்க?"

நான் ஏதோ மழுப்பினேன். அவள் விடவில்லை.

"எங்க தாத்தாவும் தேன் எடுக்கறவருதானுங்க. உங்ககிட்டத் தமிழ்ல பேசோணும்னா யோசிச்சு யோசிச்சுப் பேசுவாரு. அது உங்களுக்குச் சிரிப்பா இருக்கலாம். ஆனா எங்க பாஷையில அவரு பேச ஆரம்பிச்சாருன்னா விடிய விடியக் கதை சொல்லுவாருங்க. அப்ப நீங்க சிரிக்க முடியாது. உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

அன்று இரவு டால்ஸ்டாயை நினைத்துக்கொண்டேன். அவரும் காக்கசஸில் ரஷ்யப் பட்டாளத்துச் சிப்பாயாக, அந்த மலைவாசிகளை அடக்கப் போனவர்தான். ஆனால் அந்த வாலிபன் 1852-ல் செச்சென் நண்பர்களிடம் பாட்டுக் கேட்டு, அந்தப் பாட்டுக்களைச் செச்சென் சொற்களிலேயே ரஷ்ய எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டான். திருத்தவில்லை, தன் பாஷைபோல ஒழுங்கு பண்ணவில்லை. காது கொடுத்துக் கேட்டதை எழுதினான். கிழவரான பிறகு 'ஹாஜி முராத்'தில் ஒரு செச்சென் கிராமம் நாசமாக்கப்பட்டதை எழுதினார். அவர் மறைந்த பின் 1912-ல் அது அச்சேறியது. ரஷ்யர் செய்த காரியத்தை ரஷ்ய மொழியில் எழுத அவருக்கு அந்தக் காது தேவையாயிருந்தது. முப்பது கிலோமீட்டர் போய் மூன்று வாக்கியம் கேட்டுவரச் சோம்பல்பட்ட நான், கற்பனை என்ற பெயரில் ஒரு மனிதனின் நாக்கை வெட்டி வேறொன்றை ஒட்டவைத்திருந்தேன்.

அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு 2022-ல் தேசியத் திரைப்பட விருது, சிறந்த பாடகி என்று கொடுத்தார்கள். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அவர் பாடியது இருளமொழியில். பாட்டை எல்லாரும் கேட்டோம், முணுமுணுத்தோம். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அதை மலையாளம் என்றார்கள், மீதிப்பேர் ஒரு தினுசான தமிழ் என்றார்கள். இருளமொழி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆடு மேய்த்த ஓர் அம்மாள் டில்லி வரை கொண்டுபோன பிறகும், அந்த மொழியின் பெயரைச் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

'ஆளுக்கொரு மொழி என்று கிளம்பினால் தமிழ் என்ன ஆவது?' என்று கேட்டிருக்கிறீர், அன்பரே. தமிழுக்கு ஒன்றும் ஆகாது. ஏழு கோடிப் பேர் பேசுகிற மொழி, மூன்று வாக்கியத்தில் சாய்ந்துவிடாது. நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. தாய்மொழி என்றால் உயிர் என்று நாம் மேடையில் சொல்லும்போது, அது எல்லாத் தாய்க்கும் பொருந்தும் என்று நினைத்துச் சொல்கிறோமா, நம் தாய்க்கு மட்டும் என்று நினைத்துச் சொல்கிறோமா? இரண்டாவதுதான் என்றால், அதற்குப் பற்று என்று பெயரில்லை.

என் முதல் நாவலின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகிறது. தேன் விற்கிற கிழவரின் பேச்சு முழுவதையும் அடித்துவிட்டேன். அந்த இடங்களில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாது. ஆகவே ஆனைகட்டிப் பெண்ணுக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பியிருக்கிறேன். தன் தாத்தாவைக் கேட்டு எழுதியனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். நம் எழுத்தில் அடங்காத ஒலிகளை எப்படி எழுதப் போகிறாளோ, அது அவள் பாடு. போன மாதத்துக் கதையின் மூன்று வாக்கியங்களும் அவளிடம் கேட்டு எழுதியவைதான். புத்தகத்திலும் அவை அப்படியே இருக்கும். அடியில் அர்த்தம் போடப்போவதில்லை.

புரியவில்லையென்றால், ஆனைகட்டிக்குப் பஸ் இருக்கிறது.